நலன் பொறுப்பாளரைத் தனியே விடாதீர்கள்: சமூக விளையாட்டு மன்றங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வியாழக்கிழமை இரவு. பயிற்சி முடிந்து பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். நான் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். தொடக்கநிலை ஆறில் படிக்கும் ஒரு பையன் மட்டும் போகாமல் நின்றான். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் திருகி மூடுவதுமாக இருந்தான். "அப்பா இன்னும் வரவில்லையா?" என்று கேட்டேன். "வந்துவிடுவார் அங்கிள்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, போத்தலை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே, "கோச் என்னை மட்டும் வீட்டுக்கு வரச் சொன்னால் போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டான்.

அப்போது நான் அந்த மன்றத்தின் நலன் பொறுப்பாளர், அதாவது பிள்ளைகளின் நலனைக் கவனிக்க வேண்டிய தொண்டூழியர். செயற்குழுப் பட்டியலின் கடைசி வரியில் என் பெயர் இருந்தது. அதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. பயிற்சி இல்லை, எழுதிவைத்த விதி இல்லை, அழைத்துக் கேட்க ஆள் இல்லை. "போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பையனிடம் சொல்லிவிட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது. செயலாளரை அழைத்தேன். "நாளை பேசலாம்" என்றார். அந்த நாளை வர 11 நாட்கள் ஆயின. அத்தனை இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பையன் தூங்கினானா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு விஷயம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. முடிவு என்ன என்பது அந்தக் குடும்பத்துக்குரியது. இங்கே எழுத மாட்டேன். என்னை எழுத வைப்பது அந்த 11 நாட்கள்தான். பிள்ளைகள் தேடி வந்து சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தால் போதும் என்று மன்றங்கள் நினைக்கின்றன. அந்த ஆள் தேடிப் போய்ச் சொல்வதற்கும் ஒருவர் வேண்டும். ஆகவே பொறுப்பாளரை நியமிக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பொறுப்பாளர்களும் படிக்கலாம், தங்களுக்கு எதைக் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் பொறுப்பு எங்கிருந்து வந்தது

விளையாட்டு மன்றத்தில் பிள்ளைகளின் நலனைக் கவனிக்க ஒரு தொண்டூழியர் என்ற ஏற்பாடு இங்கிலாந்தின் காற்பந்து மன்றங்களில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. அது வேரூன்றியதற்குப் பின்னால் பெரும் துயரம் உண்டு. 2016 நவம்பரில் ஆண்டி உட்வர்ட் என்ற முன்னாள் காற்பந்து ஆட்டக்காரர், சிறுவனாக இருந்தபோது தன் பயிற்றுவிப்பாளரால் தனக்கு நேர்ந்ததை வெளிப்படையாகச் சொன்னார். அவரைத் தொடர்ந்து பலர் பேசினார்கள். 1970 முதல் 2005 வரையிலான காலத்தை ஆராய்ந்த ஷெல்டன் அறிக்கை 2021 மார்ச்சில் வெளிவந்தது. ஆபத்து தெரிந்த பிறகும், 1990களின் பிற்பாதியில், போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் தாமதித்தது என்று அது கண்டது. தாமதம் என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது என் 11 நாட்கள்தான் நினைவுக்கு வந்தன.

சிங்கப்பூரில் பாதுகாப்பான விளையாட்டு ஆணையத்தை, விளையாட்டுத் துறைக்கான அரசு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூர் 2019இல் அமைத்தது. உடல், மனம், பாலியல் சார்ந்த தவறான நடத்தை எது எது என்று வரையறுக்கும் ஒருங்கிணைந்த நடத்தை விதிகளும் இப்போது இருக்கின்றன. தேசிய விளையாட்டுச் சங்கங்களில் இதற்கென்றே அதிகாரிகள் உண்டு. ஆனால் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே சிலம்பம் சொல்லித்தரும் குழுவிலும், சனிக்கிழமை காலை பேட்டைத் திடலில் காற்பந்து பழகும் 40 பிள்ளைகளிடமும் அந்த ஏற்பாடு தானாக வந்து சேர்ந்துவிடாது. அங்கே யாராவது ஒரு தொண்டூழியர்தான் அதைக் கொண்டுபோக வேண்டும்.

நம் சமூகத்துக்குத் தொண்டூழியத்தால் நடக்கும் மன்றங்கள் புதியவை அல்ல. சிங்கப்பூர் இந்தியர் சங்கம் 1923இல் தொடங்கியது. சிலோன் விளையாட்டு மன்றம் 1928இல். பாலஸ்டியர் வட்டாரத்தில் இரண்டும் ஏறக்குறைய அக்கம்பக்கம்தான். தாத்தா ஆடிய திடலில் பேரன் ஆடுகிறான். நாம் ஒருவரை நம்புவது பெரும்பாலும் அவரை அறிந்திருப்பதால்: "அவர் நம்ம ஆள், இருபது வருஷப் பழக்கம்." அந்த நெருக்கத்தால்தான் மன்றங்கள் உயிரோடு இருக்கின்றன. பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்குவதும் அதே நெருக்கத்தால்தான்.

முதல் படி: வேலையை ஒரு தாளில் எழுதுங்கள்

பெயரிலிருந்து தொடங்குகிறேன். பாதுகாப்பு அதிகாரி என்றால் பெற்றோருக்குக் கட்டட வாசலில் சீருடையில் நிற்பவர் நினைவுக்கு வருவார். அதனால் நலன் பொறுப்பாளர் என்கிறேன். உங்கள் மன்றத்தில் வேறு பெயர் வழங்கினாலும் சரி, கேட்டவுடன் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

அந்தத் தாளில் நான்கு செய்திகள் இருந்தால் போதும். பிள்ளைகளும் பெற்றோரும் கவலைகளைக் கொண்டுவரும் முதல் ஆள் இவர். கேட்டதை எழுதிவைத்து, உரிய இடத்துக்குத் தெரிவிப்பது இவர் வேலை. தலைவரின் அனுமதிக்குக் காத்திருக்காமல் வெளியே தகவல் கொடுக்க இவருக்கு அதிகாரம் உண்டு. விசாரிப்பது இவர் வேலை அல்ல.

கடைசியாகச் சொன்னதைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். நல்ல மனம் கொண்ட பொறுப்பாளர்கள் சறுக்குவது இங்கேதான். "உண்மை தெரியாமல் ஒருவர்மேல் எப்படிப் பழி சொல்வது?" என்று நினைத்து, மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், பயிற்றுவிப்பாளரிடமே போய், "இப்படி ஒரு பேச்சு இருக்கிறதே" என்பார்கள். அதற்குள் தொலைபேசியில் இருக்கும் குறுஞ்செய்திகள் அழிந்துவிடலாம். பிள்ளைக்கு மிரட்டல் போய்ச் சேரலாம். ஒரே கதையை நான்கு பேரிடம் திரும்பத் திரும்பச் சொன்ன பிள்ளை, ஐந்தாவதாகப் போலீஸ் அதிகாரி கேட்கும்போது களைத்துப்போயிருக்கும். உண்மை எது என்று கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பாளர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

தாளில் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் பின்னாளில் பொறுப்பாளரின் கேடயம்.

இரண்டாம் படி: ஒருவர் வேண்டாம், இருவர்

பயிற்றுவிப்பாளர் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. அவருடைய மனைவி, மச்சான், தொழில் கூட்டாளி ஆகியோரும் கூடாது. சிறிய மன்றத்தில் இது எளிதல்ல. எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. அதனால்தான் இருவர் என்கிறேன். இயன்றால் ஓர் ஆண், ஒரு பெண். இயன்றால் இருவரில் ஒருவர் நம் வட்டத்துக்கு வெளியிலிருந்து. எங்கள் மன்றத்தில் பிறகு பொறுப்பேற்ற இருவரில் ஒருவர், பக்கத்துப் புளோக்கில் குடியிருக்கும் மலாய்த் தாதி. பணி ஓய்வு பெற்றவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் எங்கள் பெண் பிள்ளைகள் அவரிடம்தான் அதிகம் பேசினார்கள். நான் கொஞ்சம் வருந்தினேன். யோசித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது: அவர் அடுத்த வாரம் கோயிலில் அவர்களுடைய அம்மாவைச் சந்திக்கப் போவதில்லை.

இருவர் இருந்தால், ஒருவருடைய உறவினர்மேல் புகார் வரும்போது மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஊருக்குப் போயிருக்கும் டிசம்பர் விடுமுறையிலும் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கும். இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியம்: கேட்ட விஷயத்தைக் கணவரிடமோ மனைவியிடமோ சொல்ல முடியாமல் தவிக்கும் இரவில், சொல்லிக்கொள்ள ஒரு துணை இருக்கும்.

மூன்றாம் படி: கையில் கொடுக்க வேண்டியவை

தொண்டூழியம் என்றால் சொந்தக் காசில் செய்வது என்று ஆகிவிட்டது. ஜெர்சிக்கும் கோப்பைக்கும் பணம் ஒதுக்கும் மன்றம் இதற்கும் ஒதுக்க வேண்டும். பெரிய தொகை இல்லை. மலிவான கைப்பேசி ஒன்று, அதற்கு முன்கட்டண அட்டை ஒன்று. சொந்த எண்ணைக் கொடுத்தால் நள்ளிரவுச் செய்தி அவர் தலையணைக்கு அடியில் வந்து ஒலிக்கும்; பொறுப்பு மாறும்போது எண்ணையும் மாற்றி அச்சிட வேண்டியிருக்கும். மன்றத்தின் எண் மன்றத்திடமே இருக்கட்டும். அடுத்து, பிள்ளைப் பாதுகாப்பு பற்றிய பயிற்சிக்கான கட்டணமும் போக்குவரத்துச் செலவும். பாதுகாப்பான விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி வாய்ப்புகளைப் பொறுப்பேற்ற முதல் இரண்டு மாதங்களுக்குள் விசாரித்துப் பதிவு செய்யுங்கள்.

பயிற்றுவிப்பாளரைச் சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவற்றையும் பொறுப்பாளரின் கையில் கொடுங்கள். ஸ்போர்ட் சிங்கப்பூர் நடத்தும் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாலியல் குற்றவாளிகளின் பெயரைப் பொதுமக்கள் தேடிப் பார்க்கும் பட்டியல் எதுவும் சிங்கப்பூரில் கிடையாது. அதனால் முந்தைய மன்றத்துக்குச் செய்யும் தொலைபேசி அழைப்பை ஒப்புக்குச் செய்யாதீர்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "நல்லவர்தான்" என்று பதில் வரும். "உங்கள் பிள்ளையை இவரிடம் மறுபடியும் அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் மௌனத்தையும் கவனியுங்கள்.

நான்காம் படி: பிள்ளைகள் முகம் அறிய வேண்டும்

சுவரில் ஒட்டிய தாளை எந்தப் பிள்ளையும் படிப்பதில்லை. பொறுப்பாளர் மாதம் இரண்டு முறையாவது பயிற்சி நடக்கும்போது திடலில் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கொடுக்கட்டும், வருகைப் பதிவு எடுக்கட்டும், காலில் அடிபட்ட பிள்ளைக்கு ஐஸ் வைக்கட்டும். போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு நிற்கும் பையன், கண்ணுக்குப் பழகிய ஆளிடம்தான் கேட்பான்.

பெற்றோர் கூட்டம் இன்னும் கடினம். ஆண்டுத் தொடக்கத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தமிழிலும் பேசுங்கள், ஆங்கிலத்திலும் பேசுங்கள். நம் வீடுகளில் "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி இன்னும் வாழ்கிறது. பயிற்றுவிப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோச், தப்புச் செய்தால் நன்றாக நாலு போடுங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று அன்போடு சொன்ன தந்தையரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களை அவமதிக்காமல், ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் பயிற்றுவிப்பாளர் அடிக்கக் கூடாது. தோற்றதற்குத் தண்டனையாக வெயிலில் ஓடவிடுவதும், தண்ணீர் குடிக்க விடாததும், எடையைச் சொல்லிக் கேலி செய்வதும் அதே வரிசைதான்.

இன்னொன்றும் நமக்கே உரியது. "மாதா, பிதா, குரு, தெய்வம்" என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்குக் குருவின் மேல் புகார் சொல்வது தெய்வக் குற்றமாகத் தெரியும். சிலம்பம், களரி போன்ற கலைகளில் ஆசானின் காலைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் கம்பை எடுக்கிறார்கள். அந்த மரியாதையை நான் விரும்புகிறேன், அது இருக்கட்டும். ஆனால் அந்த ஆசானே எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நின்று, "என்னைப் பற்றியே ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இந்த அக்காவிடம் சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைப் பொறுப்பாளர் சொல்வதைவிட ஆசான் சொன்னால் பத்து மடங்கு எடை. சொல்லத் தயங்கும் ஆசானைப் பற்றிச் செயற்குழு யோசிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அன்றாட விதிகள்

விதிகள் குறைவாகவும் திட்டமாகவும் இருந்தால்தான் பொறுப்பாளர் அவற்றைக் காக்க முடியும். எங்களுடையவை இவை:

பிள்ளை ஒருவரோடு பெரியவர் ஒருவர் மூடிய இடத்தில் தனியே இருப்பதில்லை. இன்னொருவர் பார்க்கும் இடத்தில்தான் பேச்சு.
பயிற்றுவிப்பாளர் பிள்ளைக்குத் தனியே வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதில்லை. பெற்றோரோ பொறுப்பாளரோ இருக்கும் குழுவில்தான் எல்லாம்.
காரில் தனியே ஏற்றிச் செல்வதில்லை. பெற்றோர் வரத் தாமதமானால் இரண்டு பெரியவர்கள் காத்திருப்பார்கள்.
உடைமாற்றும் அறையில் கைப்பேசி கூடாது, யாருக்கும்.
படம் எடுக்க எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். முழுப் பெயரையும் பள்ளியையும் சேர்த்துப் படத்தை வெளியிடுவதில்லை.

வெளியூர்ப் போட்டி தனிக் கதை. ஜூன் விடுமுறையில் ஜொகூருக்கோ மலாக்காவுக்கோ நட்புமுறை ஆட்டத்துக்குப் போவது பல மன்றங்களின் வழக்கம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கடப்பிதழ்களைச் சரிபார்க்கும் கவனத்தில் பாதியாவது அறை ஒதுக்கீட்டில் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க, "கோச் பையன்களோடு படுத்துக்கொள்ளட்டும்" என்று ஒருவர் சொல்வார். கூடாது. பெரியவர்களுக்குத் தனி அறை. பிள்ளைகள் ஒத்த வயதினரோடு. இரவில் அறைக் கதவைத் தட்ட வேண்டியிருந்தால் இருவராகப் போய்த் தட்டுங்கள். கூடுதல் அறைக்கு ஆகும் பணம் இல்லை என்றால் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். பொறுப்பாளர்களில் ஒருவர் கட்டாயம் உடன் போக வேண்டும், அவருக்கான செலவு மன்றத்துடையது.

இடி மின்னல், வெயில், முதலுதவி ஆகியவை பற்றி நம் மன்றங்களுக்கு ஓரளவு தெரியும். வானம் இருண்டு இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் பொறுப்பாளருக்கும் உண்டு என்று எழுதிவிடுங்கள். அருகிலுள்ள இதய இயக்கமீட்புக் கருவி எந்தப் புளோக்கில் இருக்கிறது என்று எல்லாப் பெரியவர்களுக்கும் காட்டிவிடுங்கள்.

ஆறாம் படி: பிள்ளை பேசத் தொடங்கும்போது

பொறுப்பாளர் எதற்காகவாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்றால் இதற்காகத்தான். இருவரும் உட்கார்ந்து, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் பொறுப்பாளராகவும் நடித்துப் பாருங்கள். முதல்முறை கூச்சமாக இருக்கும். ஐந்தாவது முறை நாக்கு பழகிவிடும்.

பிள்ளை தொடங்கும்போது கையில் உள்ள வேலையைக் கீழே வையுங்கள். மற்றவர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் காதுக்குக் கேட்காத இடத்தில் நில்லுங்கள். திடலின் ஓரத்துப் பெஞ்சு போதும். முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். நம் முகம் மாறியதும், தான் சொன்னது தப்பு என்று நினைத்துப் பிள்ளை நிறுத்திவிடும்.

"சொன்னது நல்லதுதான்." "இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை." "அப்புறம் என்ன நடந்தது, உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதைச் சொல்." இப்படிப்பட்ட வாக்கியங்கள் போதும். "கோச் உன்னைத் தொட்டாரா?" என்று பதிலை நாமே வாயில் ஊட்டும் கேள்வி வேண்டாம். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம், அது பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகவே விழும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் அக்கா" என்று பிள்ளை கெஞ்சும். இங்கேதான் மனம் இளகும். சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைப் பாதுகாக்க உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன். யாரிடம் சொல்லப்போகிறேன் என்று உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்" என்பது நேர்மையான பதில். அன்றிரவு நான் பையனிடம் சொன்ன "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது நேர்மையானது அல்ல. நிறைவேற்ற வழி தெரியாமல் கொடுத்த வாக்கு அது.

பிள்ளை போனதும், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போடாமல் அங்கேயே எழுதுங்கள். பிள்ளை பேசிய மொழியிலேயே, அதன் சொற்களிலேயே. "அங்கே", "அந்த மாதிரி" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். நாகரிகமான சொல்லாக மாற்றாதீர்கள். தேதி, நேரம், இடம், அருகில் யார் இருந்தார்கள், கையெழுத்து. உங்கள் கருத்து ஏதாவது இருந்தால் தனிப் பத்தியில், கருத்து என்று குறிப்பிட்டு.

ஏழாம் படி: எங்கே தெரிவிப்பது

உடனடி ஆபத்து என்றால் போலீஸ், 999. காயம் என்றால் ஆம்புலன்ஸ், 995. பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்ற சந்தேகம் இருந்தால், வன்முறை, பாலியல் தொல்லைக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000; இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். "இது தெரிவிக்க வேண்டிய விஷயம்தானா?" என்று குழம்பும்போதும் அங்கே அழைத்துக் கேட்கலாம். விளையாட்டு தொடர்பான தவறான நடத்தையைப் பாதுகாப்பான விளையாட்டு ஆணையத்திடம் தெரிவிக்கலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பேச விரும்பினால் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃப்ரெண்ட் உதவித் தொலைபேசி, 1800-2744-788.

சட்டத்தில் மூன்று விஷயங்கள் செயற்குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றங்கள் உட்பட சில கடுமையான குற்றங்கள் நடந்திருப்பதை அறிந்தவர், தகுந்த காரணம் இல்லாத நிலையில், அதைப் போலீசிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். "மன்றத்துக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று தலைவர் சொன்னால், பொறுப்பாளர் இந்தப் பிரிவைக் காட்டலாம்.

சிறுவர், இளையர் சட்டத்தின் பாதுகாப்பு முன்பு 16 வயதுக்குக் கீழ் இருந்தவர்களுக்குத்தான். 2020 ஜூலை 1 முதல் அது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல் தண்டனைச் சட்டத்திலும் ஒரு மாற்றம் நடைமுறைக்கு வந்தது: 16, 17 வயதினரைத் தம் பிடியில் வைத்துச் சுரண்டும் உறவில் பாலியல் செயலில் ஈடுபட்டால், இளையர் சம்மதித்தார் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. "அவளுக்கு 16 முடிந்துவிட்டதே" என்ற பேச்சை நான் ஒரு கூட்டத்தில் காதால் கேட்டிருக்கிறேன். சொன்னவர் கெட்டவர் அல்ல, சட்டம் தெரியாதவர்.

மூன்றாவது, அவதூறு வழக்கு வருமோ என்ற அச்சம். பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என்று நல்லெண்ணத்துடன் அதிகாரிகளிடம் தெரிவிப்பவருக்குச் சட்டத்தின் காப்பு உண்டு. அதே செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தக் காப்பை எதிர்பார்க்காதீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொல்லுங்கள்.

எட்டாம் படி: நீலக் குறிப்பேடு

பெரும்பாலான கவலைகள் போலீஸ்வரை போகும் அளவுக்கு இருக்காது. "கோச் அவளுக்கு மட்டும் பரிசு வாங்கிக் கொடுக்கிறார்." "பயிற்சி முடிந்து ஒருவன் மட்டும் எப்போதும் கடைசியாகப் போகிறான்." "ஒரு பையன் மூன்று வாரமாக யாரோடும் பேசவில்லை." தனித்தனியாகப் பார்த்தால் இவை ஒன்றுமில்லை. எங்களிடம் ஒரு நீல அட்டைக் குறிப்பேடு உண்டு. பள்ளிப் புத்தகக் கடையில் வாங்கியது, முனை மடங்கிப் போனது. அதில் ஒரே பெயர் நான்கு மாதங்களில், நான்கு வெவ்வேறு பெற்றோர் வாயிலாக, நான்கு முறை வந்திருந்ததை ஒரு நாள் பக்கம் புரட்டும்போதுதான் பார்த்தோம். ஒவ்வொரு பெற்றோரும், "சின்ன விஷயம்தான், சொல்லலாமா என்று யோசித்தேன்" என்று தொடங்கியிருந்தார்கள்.

குறிப்பேட்டைப் பூட்டி வையுங்கள். இரு பொறுப்பாளர்களைத் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது, தலைவரும்கூட. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மன்றங்களுக்கும் உண்டு. உறுப்பினர் படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் பழைய பழக்கத்தையும் விடுங்கள். சட்டப்படி தேவைப்பட்டாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, அதைத் திரட்டக் கூடாது என்ற நெறிமுறை 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

ஒன்பதாம் படி: புகார் நண்பர்மேல் வரும்போது

வரும். மன்றத்தைத் தொடங்கியவர்மேல் வரும், நன்கொடை வாங்கித் தருபவர்மேல் வரும். அப்போது செயற்குழு என்ன செய்யும் என்பதை இன்றே, யார் பெயரும் இல்லாத நேரத்தில், எழுதிவையுங்கள். கடுமையான புகார் வந்தால், அதிகாரிகளின் ஆலோசனைப்படி, முடிவு தெரியும்வரை அவர் பிள்ளைகளோடு இருக்கும் பணியிலிருந்து விலகியிருப்பார். அது தண்டனை அல்ல, யாராக இருந்தாலும் அதே நடைமுறை. முன்பே எழுதியிருந்தால் "என்னை மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு இடமில்லை. புகார் சொல்லப்பட்டவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் பெயரைத் திடலில் அலசவிடாமல் காப்பதும் மன்றத்தின் கடமைதான்.

தலைவர்மேலேயே புகார் என்றால்? பொறுப்பாளர் நேரே வெளியே போகலாம் என்று முதல் படியில் எழுதிய தாள் அப்போது கைகொடுக்கும்.

பத்தாம் படி: பொறுப்பாளரைப் பார்த்துக்கொள்வது

ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் நலன் அறிக்கை முதல் அம்சமாக இருக்கட்டும். கடைசி அம்சமாக வைத்தால், பத்து மணிக்கு எல்லாரும் கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், "ஒன்றும் இல்லை" என்று முடிந்துவிடும். பெயர்கள் வேண்டாம்; எத்தனை கவலைகள் வந்தன, எத்தனை வெளியே போயின, எந்த விதி மீறப்படுகிறது, தனக்கு என்ன தேவை, அவ்வளவுதான்.

பொறுப்பாளர் அழைத்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டிய ஒருவரைச் செயற்குழுவில் நியமியுங்கள். அவர் செய்ய வேண்டியது கேட்பது மட்டும்தான். கடுமையான விஷயம் ஒன்று வெளியே போன பிறகு, மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, மூன்று முறை அவரே பொறுப்பாளரை அழைக்க வேண்டும். "கேஸ் என்ன ஆயிற்று?" என்று கேட்காமல், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா?" என்று கேளுங்கள். பிள்ளை சொன்னதைக் கேட்டவர் மனத்தில் அது தங்கிவிடும். துணி துவைக்கும்போது வரும், ரயிலில் வரும். ஆலோசகரிடம் போகச் செலவாகும் என்றால் மன்றம் ஏற்கட்டும். தாங்க முடியாத இரவுகளுக்கு சிங்கப்பூர் அபயஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும், பிள்ளைகளுக்காக மட்டுமல்ல.

மன்றம் அவரைப் பழிவாங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகாரை வெளியே கொண்டுபோன பெண் ஒருவரின் மகனுக்கு அந்தப் பருவம் முழுதும் ஆட்டத்தில் இடம் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. பையன் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பொறுப்பாளரின் பிள்ளை மன்றத்தில் ஆடினால், அணித் தேர்வில் இன்னொருவர் கண்ணும் இருக்கட்டும்.

பொறுப்பு இரண்டு ஆண்டுகளுக்குத்தான். விரும்பினால் இன்னொரு முறை. இருவரும் ஒரே ஆண்டில் விலகாதபடி தொடக்கத்திலேயே ஓராண்டு இடைவெளி விடுங்கள். புதியவர் வந்ததும் பழையவர் நான்கு சனிக்கிழமைகள் அவரோடு திடலில் நிற்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும், "இனிமேல் இவர்தான்" என்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். நான்காவது சனிக்கிழமை, பயிற்சி முடிந்து கூம்புகளை அடுக்கிய பிறகு, பெஞ்சில் உட்கார்ந்து நீலக் குறிப்பேட்டை இருவரும் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். பிறகு கைப்பேசியையும் அதன் மின்னூட்டியையும் சாவியையும் கொடுத்துவிட்டு, உங்கள் சொந்த எண்ணைப் புதியவரின் தாளில், அவர் அழைக்க வேண்டியவர்களின் வரிசையில் எழுதிக் கொடுங்கள்.